இடப்பக்கம் குளிருது

2024 ஜூன் 11, செவ்வாய்

காலையில் வேலுத்தாய் அத்தை கொழுந்துக் கத்தரி பட்ட விரலோடு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வந்தாள். மருந்து வைத்துக் கட்டி அனுப்பினேன். அவள் தலை மறைந்ததும் பூவாத்தாள் அத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஆழமா வெட்டிக்கிட்டாளுங்களா கண்ணு?”

“மலையில உங்க பக்கத்துலதானே நிக்காங்க? அவங்ககிட்டயே கேளுங்க அத்தை.”

“அவதான் என்ற மூஞ்சியவே பாக்கறதில்லீங்களே.”

நேற்றிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. எல்லாம் கண் முகாமால் வந்தது. வேலுத்தாயிடம் கேட்காமலே அவள் பேரைப் பூவாத்தாள் லிஸ்டில் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நேற்றுக் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் ஐம்பது பேருக்கு நடுவே நான் பேரை உரக்க வாசித்தேன். “கண்ணு தெரியாமலா இத்தனை நாள் கொழுந்து எடுத்தீங்க?” என்று சூப்பர்வைசர் மிக்கேல்ராஜ் சிரித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நிரை. ஒருத்தி செடி வரிசைக்கு நடுவே நடந்தால், இரண்டு பக்கமும் செடியில் பாதிதான் அவளுடையது. மறுபாதி பக்கத்து நிரைக்காரிக்கு. பேசாவிட்டாலும் ஒரே செடியில்தான் நாலு கையும் மேய வேண்டும். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

ஜூன் 14, வெள்ளி

பூவாத்தாள் அத்தை போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். நிரையிலேயே சாய்ந்திருக்கிறாள். நெஞ்சை அழுத்தினேன், அழுத்தினேன், டாக்டர் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை. என் தோள் இன்னும் வலிக்கிறது.

கூட வந்தது வேலுத்தாய். அழவில்லை. தன் கொழுந்துப் பையையும் பூவாத்தாளின் பையையும் முதுகில் போட்டபடியே வாசலில் நின்றாள். இறக்கி வையுங்கள் என்று ரெண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 15, சனி

கொங்கு எல்லைச் சித்தூரிலிருந்து பூவாத்தாளின் அண்ணன் குப்பண்ணன் வேன் எடுத்து வந்தார். தங்கச்சியை ஊரிலேயே எடுக்கவேண்டுமாம். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். 

வேலுத்தாய் மூன்று நாள் லீவு கேட்டாள். சாவு லீவு ஃபாரத்தை நிரப்புவது என் வேலை. ‘பந்தம்’ என்று ஒரு கட்டம். என்ன உறவு என்று கேட்டேன்.

“பக்கத்து நெரை.”

வெல்ஃபேர் ஆபீசர் ஜின்சன் பக்கத்தில் நின்றார். கோட்டயத்துப் பக்கம் ஊர். வந்து எட்டு மாசம். தமிழ் பாதி புரியும். “ரத்த சம்பந்தம், கல்யாண சம்பந்தம், ரெண்டுதான் சேச்சி” என்றார், விதியைச் சொல்லும் குரலில். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். லீவும் இல்லை என்று ஆனது. மழைக்காலம், கொழுந்து கொட்டுகிற நேரம், சாதா லீவும் கிடையாதாம்.

வேன் வளைவில் திரும்பும்வரை வேலுத்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மலைக்குப் போய்விட்டாள். அரை நாள் சம்பளம் போகக்கூடாது என்று போகிறாள் என்று நினைத்தேன்.

ஜூன் 19, புதன்

“இடப்பக்கம் குளிருது தாயி.”

வேலுத்தாய் வந்து இதை மட்டும் சொன்னாள். டாக்டரிடம் அப்படியே மலையாளத்தில் சொன்னேன். கையைத் தூக்கு, சிரி, நாக்கை நீட்டு என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார். ஒன்றும் இல்லை. “மழைக்குக் குளிரத்தான் செய்யும்” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜின்சன் விடவில்லை. நல்ல எண்ணம்தான். சுவரில் ஒட்டியிருக்கும் படத்துக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஆறு முகம். சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம். போன வருஷம் மனநல முகாமுக்கு வந்தவர்கள் விட்டுப்போனது. இதில் எது நீங்கள் என்று காட்டச் சொன்னார்.

வேலுத்தாய் ரொம்ப நேரம் பார்த்தாள். “ஒருத்திக்கும் தலமுடி இல்ல” என்றாள். அப்புறம், “இதுல நான் இல்ல தாயி.”

‘துக்கம்’ என்று டிக் போட்டு அனுப்பினோம். போட்டது யார்? நான்.

அவள் போன பிறகுதான் எனக்குப் பட்டது. பூவாத்தாளின் நிரை இவளுக்கு இடப்பக்கம்.

ஜூன் 21, வெள்ளி

எங்கள் லயங்களில், இந்தத் தோட்ட வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. நிரைக்காரி செத்தால் பதினாறு முடியும்வரை பக்கத்து நிரைக்காரிதான் அந்த நிரையை எடுப்பாள். என் அம்மா அப்படி ரெண்டு பேருக்கு எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. யாரும் மீறினதும் கிடையாது.

இன்று எட்டாம் நாள். பூவாத்தாள் நிரையில் புதுசாக ஒருத்தியை மிக்கேல்ராஜ் நிறுத்தினார். ஃபூல்மணி. ஜார்க்கண்டிலிருந்து புருஷனும் கைக்குழந்தையுமாக வந்து ஒரு மாசம். அவளுக்கு நம் வழக்கம் என்ன தெரியும், பாவம். காட்டின இடத்தில் நின்று எடுத்திருக்கிறாள்.

வேலுத்தாய் அவள் பையைப் பிடுங்கிக் கொழுந்தை முழுக்கப் பாதையில் கொட்டிவிட்டாள்.

சாயந்தரமே மெமோ வந்துவிட்டது. ஒரு சாவுக்கு மூன்று நாள் லீவு கொடுக்க முடியாத ஆபீஸ், ஒரு பை கொழுந்துக்கு மூன்று மணி நேரத்தில் கடிதம் அடிக்கிறது. 

ஜூன் 22, சனி

ஜின்சனோடு சண்டை போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

என்கொயரியில் ரெண்டு வழிதான் என்றார். கோபத்தில் செய்தாள் என்று எழுதினால் அது ஒழுங்கு மீறல், வேலை போகும். மனசு சரியில்லாமல் செய்தாள் என்று எழுதினால் டாக்டர் சர்ட்டிபிகேட், மலை வேலைக்குத் தகுதி இல்லை என்று முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “ரெண்டாவது கொஞ்சம் மரியாதை சேச்சி.”

ரெண்டிலும் லயத்து வீடு போகும். வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது அவளுக்கு. ஒரே மகள் ராஜபாளையத்தில். மருமகன் வாசலில் போய் நிற்கிறதைவிட கொக்கை ரோட்டில், பள்ளத்து விளிம்பில், படுப்பேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்த ஆறு முகத்தைக் கிழித்து அடுப்பில் போடவேண்டும் போலிருக்கிறது. அதற்குள் அடங்காத ஒன்று மனசில் இருக்கிறவள் ஒன்று குற்றவாளி, இல்லை என்றால் நோயாளி. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று படித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லையே. கொழுந்து எத்தனை தரம் என்று பிரிக்கத் தெரிகிறது. இலை, தூள், டஸ்ட், அதில் ஒன்று, ரெண்டு. மனுஷிக்கு மட்டும் ஆறு போதுமா?

ராத்திரிச் சோற்றின்போது இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வீரபாண்டி டூரிஸ்ட் ஜீப்பைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், “வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னா?” என்றார்.

“ஓணான் இல்ல. வேலுத்தாய் அத்தை.”



ஜூன் 24, திங்கள்

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். ‘உறவு இல்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கும் அந்த ஃபாரத்தைத்தான் மெமோவோடு முதல் காகிதமாகக் கோர்த்திருக்கிறார்கள். இறந்தவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், அந்த நிரையைப் பற்றிப் பேச உரிமை இல்லாதவர். இதுதான் அவர்கள் வாதம்.

அப்போ நான் யார்மேல் கத்திக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 29, சனி

பூவாத்தாளுக்குப் பதினாறு. சித்தூரில் காரியம் நடக்கிறது. மத்தியானம் குப்பண்ணன் என் போனுக்குக் கூப்பிட்டார். வேலுத்தாயின் போன் ஒரு வாரமாக அணைந்து கிடக்கிறதாம்.

“அம்மிணி, அவுங்களக் கொஞ்சம் கூப்புட்டுத் தர்றீங்களா? என்ற தங்கச்சி கடேசியா என்ன பேசுச்சுன்னு கேக்கோணுமுங்க. எங்கம்மா அதையே கேட்டுட்டு உக்காந்திருக்குதுங்க.”

போனை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். ஓடும்போதுதான் நினைவு வந்தது. ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லையே. என்னத்தைச் சொல்வாள்?

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். வேலுத்தாய் அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“அண்ணே, நாங்க நாலு நாளா பேசல. எங்கிட்ட நேரா அவ பேசல. செடிகிட்டத்தான் பேசினா.”

“செடிகிட்டயுங்களா?”

“ஆமா. பேச்சு நின்னா அவ அப்படித்தான். ‘ஏனுங்க செடி, உங்க அந்தப் பக்கத்துக்காரிகிட்டச் சொல்லுங்க, காப்பி ஆறுதுங்க’ம்பா. நான் காதுல வாங்காத மாதிரி நிப்பேன். அன்னிக்குக் காலைல, ‘ஏனுங்க செடி, கண்ணாடி போட்டா அவ மூஞ்சி இன்னும் லட்சணமாத்தான் இருக்கும்னு சொல்லுங்க’ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. வந்ததைக் காட்டாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நாளைக்குப் பேசிக்கலாம்னு வச்சிருந்தேன் அண்ணே. திரும்பிப் பாக்கேன், கெடக்கா.”

அந்த முனையில் குப்பண்ணன் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் அதையே கொங்குப் பேச்சில் தன் அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மாள் சிரித்தாள். அழுதுகொண்டேதான், ஆனால் சிரித்தாள். “எம்புள்ள அப்படித்தான்” என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது வேலுத்தாய் என்னைப் பார்த்துக் கேட்டாள். “ஏட்டி இந்து, கோவத்துல இருக்கும்போதே ஒருத்தி செத்துப்போனா, அந்தக் கோவத்த எங்க கொண்டு போய் வைக்க? அவ நின்ன எடத்துலதான நின்னு பேசித் தீக்க முடியும்? நான் தெனமும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். பாதி சொல்லியாச்சு. மீதிய சொல்லுமுன்ன அந்த எடத்துல இன்னொருத்தியக் கொண்டாந்து நிறுத்துனா?”

இதற்கு என்ன பேர்? துக்கமா? இல்லை. கோபமா? ஆமாம், ஆனால் செத்தவள் மேலே. செல்லக் கோபம், இனி செல்லம் கொஞ்ச ஆளில்லாத கோபம். இதை யாராவது எங்காவது படித்திருக்கிறார்களா? யாராவது ஒரு ஃபாரத்தில் இதற்கு ஒரு கட்டம் போட்டிருந்தால், பதினாறு நாள் அந்த நிரையைச் சும்மா விட்டிருப்பார்கள். கொழுந்து கொட்டியிருக்காது, மெமோ வந்திருக்காது. பேர் இல்லாததனால் ஒருத்தி வீடு போகப்போகிறது. அவ்வளவு லேசான விஷயமா இது?

ஜூலை 3, புதன்

நாளை என்கொயரி. மொழி மாற்றிச் சொல்ல நான்தான். தூக்கம் வரவில்லை.

ஜூலை 4, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் குழம்பும்.

தலைமை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல சட்டை, நல்ல பேனா. மிக்கேல்ராஜ் நடந்ததைச் சொன்னார், கூட்டியும் சொல்லவில்லை குறைத்தும் சொல்லவில்லை. பிறகு அந்த அதிகாரி என் ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினார். டிஸ்பென்சரியே உறவு இல்லை என்று எழுதியிருக்கிறதே என்றார்.

“அது தப்பு” என்றேன். என் குரல்தான் என்று நம்ப முடியவில்லை. “எழுதினது நான். என்ன உறவுன்னு கேட்டப்போ அவங்க பதில் சொன்னாங்க. பக்கத்து நிரைன்னு. அதை எழுதாம இல்லைன்னு எழுதினேன்.”

மொழிபெயர்க்க வந்தவர் சாட்சி சொல்லக்கூடாது என்றார். நியாயம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

வேலுத்தாயிடம் கேட்டார், நேராக. கோபத்தில் செய்தீர்களா, அல்லது மனக்கஷ்டத்திலா? ஒரு வார்த்தையில்.

அவள் ஒரு வார்த்தையில் சொல்லவில்லை. செடியிடம் பூவாத்தாள் பேசினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஒவ்வொரு வாக்கியமாக மலையாளத்தில் சொன்னேன். ‘ஏனுங்க செடி’ என்பதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது? என்னால் முடியவில்லை. அதை மட்டும் அப்படியே தமிழில் சொன்னேன். அதிகாரி நடுவில் ரெண்டு தடவை, சாரம் மட்டும் போதும் என்றார். இதில் சாரம், சக்கை என்று பிரிக்க என்னால் ஆகாது என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் ஜின்சன். அவர் நிறுத்தவே இல்லை. ஒன்றரைப் பக்கம் எழுதினார். கடைசியில் வேலுத்தாயைப் பார்த்துத் தன் அரைத் தமிழில், “அந்த நாள் சிரிச்சது… அவர் கண்டோ?” என்று கேட்டார். நீ சிரித்ததை அவள் பார்த்தாளா என்று.

“தெரியாது சார். அதான் சார்.”

 மிக்கேல்ராஜ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முடிவு என்ன தெரியுமா? வேலை போகவில்லை. ஏழு நாள் சஸ்பென்ஷன், எழுத்தில் எச்சரிக்கை, திரும்ப அதே நிரை. வீடு இருக்கிறது. நான் சந்தோஷப்படவேண்டும். ஆனால் உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்? ‘தொழிலாளி தன் செயலுக்கு வருந்தி மன்னிப்புக் கேட்டதால்.’

மன்னிப்பா? எப்போது கேட்டாள்? அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. ஒன்றரைப் பக்கத்தைத் தூர வைத்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிட்டார்கள். பொய் சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்கு நன்றி வேறு சொல்லவேண்டுமாம்.

இதை எதிர்த்துப் பேசலாமா என்று அத்தையிடம் கேட்டேன். கைநாட்டு வைத்த மையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“விடு தாயி. அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வீடு இருக்குல்லா.”

நான் விட்டேன். அதுவும் என் கணக்கில்தான்.

ஜூலை 15, திங்கள்

அத்தை வேலைக்குத் திரும்பினாள். இடப்பக்கம் ஃபூல்மணி. ஒரே செடியில் நாலு கை, பேச்சு இல்லை என்று மிக்கேல்ராஜ் சொன்னார். ரெண்டு பேரையும் பிரித்து நிறுத்தட்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். எந்த அதிகாரத்தில் சொன்னேனோ.

ஆகஸ்ட் 7, புதன்

சுவரிலிருந்த ஆறு முகத்தைக் காணோம். நான் கிழிக்கவில்லை. ஜின்சனைக் கேட்டேன். ஈரத்தில் உரிந்து விழுந்துவிட்டது என்றார். லேமினேட் செய்த படம்.

ஆகஸ்ட் 21, புதன்

வேலுத்தாய் அத்தை தானாக வந்து கண் பரிசோதனைக்குப் பேர் கொடுத்தாள். மெதுவாக எழுது, சத்தமாக வாசிக்காதே என்றாள்.

செப்டம்பர் 9, திங்கள்

தேவிகுளம் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது மேலே மலையில் அத்தையின் குரல். கண்ணாடியும் அவளுமாகச் செடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க செடி, முத்தின எலையப் பறிக்காதன்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க.” பூவாத்தாளின் குரலை அப்படியே பிடித்துவிட்டாள். இருபத்தாறு வருஷம் அந்த ‘ங்க’வைக் கேலி செய்தவள். ஃபூல்மணி என்ன புரிந்துகொண்டாளோ, கையை இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் ஜலதோஷமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

பத்து மணிக்கு மலையிலிருந்து வேலுத்தாய் அத்தையைக் கொண்டுவந்தார்கள். என் உயிரே போய்விட்டது. காய்ச்சல்தான், நூற்று மூன்று. ஊசி போட்டுக் கட்டிலில் படுக்க வைத்தேன்.

கூட வந்தது ஃபூல்மணி. முதுகில் ரெண்டு பை. இறக்கி வை என்று சைகை காட்டினேன். இறக்கவில்லை.

நோயாளியோடு வந்தவருக்கு அரை நாள் விடுப்புண்டு, உறவாக இருந்தால். ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு ஜின்சன் வந்தார். ‘பந்தம்?’ என்று மலையாளத்தில் கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. நான் தமிழில் கேட்டேன்.

ஃபூல்மணி கொஞ்சம் யோசித்தாள். வலது கையைத் தூக்கித் தன் வலப்பக்கத்தைக் காட்டினாள்.

“வலப்பக்கமுங்க.”

ஜார்க்கண்டுக்காரிக்கு இந்த ‘ங்க’வை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். கட்டிலில் வேலுத்தாய் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பந்தம் என்ற கட்டத்தில் அதையே எழுதினேன். ஜின்சன் ஒரு தடவை வாசித்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.